டவர் லொகேஷன்

நீலகிரியில் யாராவது காணாமல் போனால், "லாஸ்ட் டவர் எங்க காட்டுது?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் வந்த கையோடு வாட்ஸ்அப்பில் கதை ஓடத் தொடங்கிவிடும்: "மேட்டுப்பாளையம் டவராம். அப்ப ஆள் மலையிலயே இல்ல, பஸ் ஏறிக் கீழ போயாச்சு."

டவர், லத்தீன் 'துர்ரிஸ்' வழிவந்த சொல். லொகேஷனுக்கு வேர் 'லோகுஸ்', அதாவது இடம். ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தபின் இரண்டுமே பொருள் மாறிவிட்டன. கோத்தகிரியில் ஒருவர் "இங்க டவர் இல்ல" என்றால் இரும்புக் கோபுரத்தைச் சொல்லவில்லை, சிக்னலைச் சொல்கிறார். லொகேஷனோ, "லொகேஷன் போடு" என்று கேட்டுப் பழகியபின், விரலால் தொட்டுக் காட்டும் ஒரே புள்ளி என்றாகிவிட்டது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று இருப்பதாகத்தான் யாரும் நினைப்பார்கள்.

ஆனால் காவல்துறை தொலைபேசி நிறுவனத்திடம் வாங்குவது சி.டி.ஆர். எனும் அழைப்பு விவரப் பட்டியல். யார் யாருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நொடி, எந்த செல் ஐ.டி. என்று வரிவரியாக இருக்கும். இந்த 'செல்' லத்தீனில் சிறு அறை. நிலப்பரப்பை அறுகோண அறைகளாகப் பிரிக்கும் யோசனை 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. இன்று ஒரு கோபுரம் பெரும்பாலும் மூன்று பக்கமாகப் பிரித்து அலை வீசுகிறது, பக்கத்துக்கு ஓர் அறை. நகரத்தில் அந்த அறை நாலைந்து தெரு அளவு இருக்கலாம். மலையில் கணக்கே வேறு.

கைபேசி பக்கத்துக் கோபுரத்தைத்தான் பிடிக்கும் என்று விதியில்லை. எதன் அலை நன்றாக எட்டுகிறதோ அதைப் பிடிக்கும். குன்னூர் டால்பின் நோஸ், லாம்ப்ஸ் ராக் போன்ற விளிம்புகளில் நின்றால் முதுகுப்பக்கம் மலை மறைக்கும், முன்னால் சமவெளி திறந்து கிடக்கும். அங்கே மேட்டுப்பாளையம் பக்கத்துக் கோபுரம் கிடைத்தால் அதில் அதிசயம் இல்லை. கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் பெரியகுளம் பக்கத்து டவர் எடுப்பதும் இதே கதைதான். (ஊரில் இருந்துகொண்டே கேரள டவருக்கு ரோமிங் காசு அழுத பந்தலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.) ஆக "கீழே போயாச்சு" என்று பரப்பப்படும் ஆள் பாறை விளிம்பிலேயே கிடக்கலாம். தேடுகிறவர்கள் பேருந்து நிலையக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தால் போகும் நேரம் திரும்பி வராது.

நேரத்திலும் இதே குழப்பம். அழைப்போ குறுஞ்செய்தியோ டேட்டாவோ இல்லாவிட்டால் பட்டியலில் புது வரி விழாது. கடைசி வரி 4.10 என்றால் 4.10க்கு போன் அணைந்தது என்று பொருளல்ல.

நீதிமன்றத்திலும் இந்தப் பட்டியல் தானாகச் சான்றாகிவிடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் எனும் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'கோபுர இருப்பிடம்' என்பது சொல்லுக்குச் சொல் வைத்தது. கோபுரம் வடசொல்லானாலும் நம்மோடு ஊறிப்போனது, அதில் தகராறில்லை. இருப்பிடம்தான் இடிக்கிறது, ஆள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது போலக் காட்டுகிறது. நான் பரிந்துரைப்பது 'கோபுர எல்லை'. "எந்த ஸ்டேஷன் எல்லை?" என்று ஏற்கெனவே கேட்டுப் பழகியவர்கள் நாம், பரப்பைக் குறிக்க அதைவிடப் பழகிய சொல் கிடையாது. செய்தியில் இப்படி எழுதலாம்: "அவரது கைபேசி கடைசியாக மேட்டுப்பாளையம் கோபுர எல்லையில் பதிவாகியுள்ளது."