‘நோ சிக்னல்’ வந்தால் மானிட்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்

‘நோ சிக்னல்’ என்று மானிட்டரைத் தூக்கிக்கொண்டு என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வருவது இந்த மாதத்தில் இது நான்காவது. போன சனிக்கிழமை அனுப்பர்பாளையம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். வீட்டிலேயே நாலு மிஷின் போட்டு பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர். கையில் இரண்டு மானிட்டர். ஒன்று பழசு, இன்னொன்று மூன்று நாளுக்கு முன்பு ஏழாயிரம் கொடுத்து வாங்கியது.

“ஏனுங்க தம்பி, புதுசுலயும் அதேதானுங்க வருது. ரெண்டுமே போயிருச்சுங்களா?”

இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன. சிபியுவைக் கொண்டு வரச் சொன்னேன். பையன் மொபெட்டில் வைத்து எடுத்து வந்தான். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே பஞ்சு, மெத்தை மாதிரி. ரேமை, அதாவது மெமரிப் பலகையைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளை பென்சில் அழிக்கிற ரப்பரால் துடைத்து, ஸ்லாட்டை பிரஷ்ஷால் சுத்தம் செய்து திரும்பப் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, படம் வந்துவிட்டது. பழைய மானிட்டரிலும் வந்தது. புதியதை வாங்கிய கடையில் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஏழாயிரம் எத்தனை பீஸ் தைத்த காசு என்று அந்த அக்காவுக்குத்தான் தெரியும்.

தயவுசெய்து இதை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘நோ சிக்னல்’ என்ற எழுத்தைத் திரையில் எழுதுவது மானிட்டரேதான். அதை எழுத வேண்டுமென்றால் மானிட்டருக்குள் கரண்ட் வரவேண்டும், பின்விளக்கு எரியவேண்டும், திரை வேலை செய்யவேண்டும், உள்ளே இருக்கும் போர்டும் உயிரோடு இருக்கவேண்டும். “நான் தயாராக இருக்கிறேன், எனக்கு எதுவும் வந்து சேரவில்லை” என்று அது உங்களிடம் சொல்கிறது. போர்வெல்லில் தண்ணீர் ஏறவில்லை என்றால் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயையா மாற்றுவீர்கள்? மோட்டாரைத்தானே போய்ப் பார்ப்பீர்கள்? இங்கே மட்டும் ஏன் நேராகக் குழாயை மாற்றக் கிளம்புகிறீர்கள்? நம் கண் பார்ப்பது திரையை; அதனால் பழி திரை மேல் விழுகிறது.

சோதிப்பது ரொம்பச் சுலபம். மானிட்டருக்குப் பவர் கார்டு இருக்கட்டும், படம் வரும் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். கம்பெனி லோகோவோ ‘நோ சிக்னல்’ எழுத்தோ சில நொடி வந்தால் அதற்கு உயிர் இருக்கிறது. அப்புறம் சிபியுவை வீட்டு டிவியின் ஹெச்டிஎம்ஐ என்ற பட கேபிள் போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் படம் வரவில்லை என்றால் மானிட்டர் கடைப் பக்கமே போக வேண்டாம்.

கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். ஹெச்டிஎம்ஐக்கு ஸ்க்ரூ கிடையாது. மேசையை ஒருமுறை நகர்த்தினாலே தளர்ந்துவிடும். மானிட்டரின் பட்டனில் சோர்ஸ், அதாவது எந்தக் கேபிளிலிருந்து படம் எடுக்கவேண்டும் என்ற தேர்வு, சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் ஹெச்டிஎம்ஐயில் இருக்க, சோர்ஸ் விஜிஏ என்ற பழைய வகைக் கேபிளில் நின்றால் எத்தனை நாள் காத்திருந்தாலும் படம் வராது. தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிள் அந்தக் கார்டில்தான் போகவேண்டும், மேலே மதர்போர்டில் (சிபியுவின் முக்கியப் பலகையில்) இருக்கும் ஓட்டையில் அல்ல. இன்டெலில் 12400எஃப் மாதிரி எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ வரும் பிராசசர்களில் படம் உருவாக்கும் கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது. அந்த மதர்போர்டு போர்ட்டில் மாட்டினால் கறுப்புத் திரைதான்.

நீல விஜிஏ கேபிளில் திரை மஞ்சளாகத் தெரிந்தால் நீலத்துக்கான பின் தொடவில்லை என்று அர்த்தம். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பச்சை தொடவில்லை. வளைந்த பின்னை மெதுவாக நிமிர்த்தலாம். பதினைந்து பின்னில் நடு வரிசையில் ஒன்று இல்லை என்று பதறி வருகிறவர்கள் உண்டு. பல கேபிள்களில் ஒன்பதாவது பின் தயாரிப்பிலேயே இருக்காது. பயப்பட வேண்டாம்.

‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று வந்தால் அது வேறு. மானிட்டரால் காட்ட முடியாத ரெசல்யூஷனையோ (படத்தின் புள்ளி அளவு) ஹெர்ட்ஸையோ (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது) கம்ப்யூட்டர் அனுப்புகிறது. டிவியிலோ வேறு மானிட்டரிலோ மாட்டி, உங்கள் மானிட்டரின் அளவுக்கு, 60 ஹெர்ட்ஸுக்கு, இறக்கிவிட்டுத் திரும்ப மாட்டினால் முடிந்தது.

திரை முழுக்கக் கறுப்பு, ஆனால் பவர் விளக்கு எரிகிறதா? விண்டோஸ் ஓடும்போது அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடியுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பின்விளக்கு போயிருக்கிறது. இப்போதுதான் கோளாறு மானிட்டரில். அதே மாதிரி, மானிட்டரின் மெனுவைத் திறந்தாலும் அதன் மேலேயே நேர்க்கோடு ஓடினால் பேனல் கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யும் செலவுக்குப் புதிதே வாங்கலாம். இதை நானே சொல்லித்தான் அனுப்புகிறேன்.

திருப்பூர், பல்லடம், சோமனூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நம் ஊர்க் காற்றிலேயே பஞ்சு இருக்கிறது. ஓவர்லாக் மிஷினுக்கும் தறிக்கும் பக்கத்தில் சிபியுவைத் தரையில் வைத்தால், ஃபேன் அத்தனையையும் உள்ளே இழுக்கும். மழைக்காலத்தில் அதே பஞ்சு ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்திலாவது வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து ப்ளோயர் போடுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதவேண்டும், சுழல விடக்கூடாது. ரேமில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திவிட்டு, கேஸின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது கிளிப் ‘டக்’கென்று விழும்வரை அழுத்தவேண்டும். பாதி இறங்கிய ரேமாலேயே எத்தனையோ சிபியு என் மேசைக்கு வந்திருக்கிறது.

சிபியுவைத் திறக்கலாம் என்றேன். மானிட்டரைத் திறக்காதீர்கள். வீடியோ பார்த்துவிட்டு, “கெப்பாசிட்டர்தானுங்கண்ணா, நானே மாத்திக்கிறேன்” என்று ஒரு தம்பி திறந்தான். பிளக்கைப் பிடுங்கித்தான் இருந்தான். ஆனாலும் ஷாக் அடித்து மேசையோடு சாய்ந்தான். வீட்டு 230 வோல்ட் மானிட்டருக்குள் இருக்கும் பவர் போர்டில் கரண்டைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில சமயம் தங்கியிருக்கும். இருபது ரூபாய் பொருளுக்காக உயிரைப் பணயம் வைக்காதே கண்ணு.

திரையில் எந்த எழுத்து வந்தாலும், அணைக்கும் முன்பு செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். “என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சுங்க” என்று சொன்னால் நான் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். கடைக்கு வரும்போது மானிட்டர், சிபியு, அதை இணைக்கும் அதே கேபிள், மூன்றையும் கொண்டு வாருங்கள். புதியது வாங்குவதைப் பற்றி அதற்கு அப்புறம் பேசலாம்.