புரதம் சரியாக மடிந்ததா என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

தவறாக மடிந்த புரதத்தைச் செல் அழித்துவிடும் என்று படித்திருப்போம். ‘கண்ணும் மூளையும் இல்லாத செல்லுக்குத் தவறு எது என்று யார் சொன்னது?’ என்று ஒரு வாசகர் கேட்கிறார். நல்ல கேள்வி.

எம்ஆர்என்ஏவைப் படித்து ரைபோசோம் அமினோ அமிலங்களைக் கோப்பது வரை பள்ளிப் பாடம்தான். நம் செல்களில் நொடிக்கு ஐந்தாறு வீதம் சங்கிலி நீள்கிறது. அது மடிந்து உருவம் பெற்றால்தான் வேலைக்கு ஆகும்.

செல்லைவிட்டு வெளியேறும் புரதங்களில் பெரும்பாலானவை, செல்லுக்குள் இருக்கும் சவ்வு அறையான எண்டோபிளாச வலைக்குள் மடிகின்றன. சங்கிலி உள்ளே நுழையும்போதே 14 சர்க்கரைகள் கொண்ட கொத்து ஒன்று அதன்மேல் ஒட்டப்படுகிறது. கொத்தின் நுனியில் மூன்று குளுக்கோஸ். நொதிகள் அவற்றில் இரண்டைக் கத்தரிக்கும். மிஞ்சிய ஒற்றைக் குளுக்கோஸைக் கால்நெக்சின் என்ற புரதம் பிடித்துக்கொள்ள, அந்தப் பிடியிலேயே சங்கிலி மடிகிறது. பிறகு அந்தக் கடைசிக் குளுக்கோஸும் வெட்டப்பட, புரதம் விடுபடும்.

இங்கேதான் யுஜிஜிடி என்ற நொதி வருகிறது. ஆயிரக்கணக்கான புரதங்களுக்கும் சரியான வடிவம் எது என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒழுங்காக மடிந்தால் நீரோடு ஒட்டாத அமினோ அமிலங்கள் உள்ளே ஒளிந்திருக்கும். அவை வெளியே துருத்திக்கொண்டிருந்தால், யுஜிஜிடி ஒரு குளுக்கோஸை மறுபடி ஒட்டிவிடும். புரதம் திரும்பக் கால்நெக்சினிடம் போகும். இதைவிடச் சிக்கனமான பரிசோதனையை நம் ஆலைகளில்கூடப் பார்க்க முடியாது.

எத்தனை முறை இப்படிச் சுற்றுவது? அதற்கும் கடிகாரம் உண்டு. அதே கொத்தில் உள்ள மேனோஸ் சர்க்கரைகளை வேறு நொதிகள் மெதுவாகக் கொறித்துக்கொண்டே இருக்கும். மெதுவாக என்பதுதான் முக்கியம்: இப்போதுதான் பிறந்த சங்கிலியும் அரைகுறையாகத்தான் தெரியும், அதற்கு அவகாசம் வேண்டும். நெடுநேரம் தேறாததன் மேனோஸ் குறைந்துபோகும். அதுவே வலையிலிருந்து வெளியேற்றும் முத்திரை. அப்புறம் ‘அழிக்க வேண்டியது’ என்று குறிக்கும் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் ஒட்டப்பட்டு, புரதங்களை வெட்டும் புரோட்டியசோம் என்ற செல் இயந்திரத்தில் அது துண்டு துண்டாகும். (‘புரதத்தை உடைப்பதற்கு ஏன் ஆற்றல் தேவை?’ என்ற, பயன் ஏதும் தெரியாத கேள்வியில் தொடங்கிய ஆய்வு இது. 2004இல் நோபல் பரிசு பெற்றது. புரோட்டியசோமைத் தடுக்கும் போர்டெசோமிப் 2003 முதல் மைலோமாப் புற்றுநோய்க்கு மருந்து. உடனடிப் பயனைக் காட்டினால்தான் நிதி என்பவர்கள் கவனிக்கட்டும்.)

இந்தக் காவல் சில சமயம் கறார் மிகுந்தும் போகும். செல்சவ்வில் இருந்து குளோரைடைக் கடத்தும் சிஎஃப்டிஆர் புரதத்தின் 1,480 அமினோ அமிலங்களில் 508ஆவது மட்டும் விடுபட்டால், செல் அதைப் பெரும்பாலும் வழியிலேயே அழித்துவிடும். விளைவு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோய். ஆனால் செல்களை 37க்குப் பதில் 27 டிகிரியில் வளர்த்தால், அந்தப் புரதம் ஓரளவு தப்பிச் செல்சவ்வை அடைந்து, குளோரைடைக் கடத்தவும் செய்கிறது.