படகின் பெரிய ஜன்னலை அடைத்துப் போர்ட்ஹோல் (சட்டம் போட்ட சிறிய ஜன்னல்) வைக்கிறீர்களா?

கேபின் சுவரில் அக்ரிலிக் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் நீளமான ஜன்னல் உள்ள படகு என்றால் ஒழுகல் புகார் ஓயாது. எல்லாரும் ஓர இடுக்கை அடைக்கும் பசையான சீலன்டைத்தான் திட்டுவார்கள். ஒரு மீட்டர் அக்ரிலிக், 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். சுற்றியுள்ள ஃபைபர் சுவர் அவ்வளவு நீளாது. தினமும் இந்த இழுபறி நடந்தால் சீலன்ட் என்ன செய்யும், பாவம்! ஒழுகலைவிடப் பெரிய பயம், பக்கவாட்டில் அடிக்கும் அலையில் ஜன்னலே உள்ளே பெயர்ந்து விழுவது. அதனால் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் அதை அடைத்துச் சிறிய போர்ட்ஹோல் வைப்பது நல்ல முடிவுதான்.

அடைக்கும் விதத்தில்தான் கோளாறு. ஃபைபர் தகடு ஒன்றை வெளியே வைத்து ஸ்க்ரூ முடுக்கி, ஓரத்தில் சிலிக்கான் சீலன்ட் பூசிக்கொண்டு வந்து நிற்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். தகட்டின் பலம் சுவருக்குப் போய்ச் சேராது. சுவர் 6 மில்லிமீட்டர் கனம் என்றால், திறப்பின் விளிம்பைச் சுற்றிலும் சுமார் 72 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப் போல 12 மடங்கு என்பது கணக்கு. அந்தச் சரிவின்மேல் எபாக்ஸி என்ற இறுகும் பசையில் நனைத்த கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காகப் படியவைத்தால்தான் புதுத் தகடும் பழைய சுவரும் ஒன்றாகும். இவ்வளவு தேய்க்க மனம் வராமல்தான் பலரும் ஸ்க்ரூவைத் தேடுகிறார்கள்.

தேய்க்கும் முன் பழைய சிலிக்கானைச் சுரண்டி, சால்வென்ட் போட்டுத் துடைத்துவிடுங்கள். அது ஒட்டியிருக்கும் இடத்தில் எபாக்ஸி பிடிக்காது. அப்படியே தேய்த்தால் சுவர் முழுக்கப் பரவும். முகமூடி கட்டாயம்.

சுவரின் ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரக்கட்டை இருந்தால் விளிம்பைக் குத்திப் பாருங்கள். ஈரமாகவோ கறுத்தோ இருந்தால் நல்ல கட்டை வரும்வரை நோண்டி எடுத்து, காயவிட்டு, நிரப்பிய பிறகே மூட வேண்டும். போர்ட்ஹோலுக்கு வெட்டும் துளையிலும் கட்டையின் ஓரத்தைக் கெட்டியான எபாக்ஸியால் அடையுங்கள். பிளாஸ்டிக் சட்டம் என்றால் பாலிசல்ஃபைடு சீலன்ட் வேண்டாம், அது சில பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

துளை எங்கே, எவ்வளவு பெரிது? வேலையைத் தொடங்கும் முன்பே, போர்ட்ஹோல் அளவுக்குத் துளை விட்டு அட்டையை வெட்டிப் பழைய ஜன்னலில் ஒட்டி ஒரு வாரம் இருந்து பாருங்கள். வெளிச்சமும் காற்றும் குறைவது அப்போதுதான் உறைக்கும். அப்புறம், வேலை முடிந்ததும் உள்பக்க லைனிங்கை மாட்டும் முன்பே ஹோஸால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கசிந்தால் போர்ட்ஹோலின் எந்த போல்ட் வழியாக என்று அங்கேயே தெரிந்துவிடும்.