ஸ்டீபிள்சேஸைத் 'தடை ஓட்டம்' ஆக்கியது யார்?

"68 வயது வில்லி மல்லின்ஸ் தடை தாண்டும் ஓட்டத்தில் மூன்றாவது முறையாக வெற்றி." 2025 ஏப்ரலில் கைப்பேசியில் வந்து விழுந்த ஒரு தமிழ்த் தலைப்பு இது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் அதை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கேட்டார்: "மாப்பிள்ளை, இந்த வயசுல எப்படித் தாண்டுறாரு? எனக்கு வாசப்படி ஏறவே முட்டி பிடிக்குது."

அவரைக் குறை சொல்ல முடியாது. தலைப்பில் குதிரையே இல்லை.

மல்லின்ஸ் அன்றைக்கு எதையும் தாண்டவில்லை. அயர்லாந்தின் கார்லோ மாவட்டத்தில், குளோசட்டன் என்ற இடத்தில் லாயம் வைத்துப் பந்தயக் குதிரைகளைப் பழக்குகிறவர் அவர். தாண்டியது நிக் ராக்கெட் என்ற குதிரை. அதன் முதுகில் இருந்தவர் மல்லின்ஸின் மகன் பேட்ரிக். இங்கிலாந்தில் லிவர்பூலை ஒட்டிய எயின்ட்ரீ திடலில் நடந்த கிராண்ட் நேஷனல் என்ற ஸ்டீபிள்சேஸ், அதாவது குதிரைகள் வேலி தாண்டி ஓடும் பந்தயம் அது. 2005இல் ஹெட்ஜ்ஹன்டர், 2024இல் ஐ ஆம் மேக்சிமஸ், 2025இல் நிக் ராக்கெட் என்று அதுவரை மல்லின்ஸ் லாயத்துக்கு மூன்று வெற்றி. 2025 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களுமே அவருடைய குதிரைகளுக்குத்தான். இவ்வளவையும் "தடை தாண்டும் ஓட்டம்" என்ற மூன்று சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டார்கள்.

ஸ்டீபிள்சேஸ் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஸ்டீபிள் என்றால் தேவாலயத்தின் கூர்ங்கோபுரம். சேஸ் என்றால் விரட்டிப் போவது. 1752இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் ஓ'கல்லகன், பிளேக் என்ற இருவர் பந்தயம் கட்டி, பட்டவன்ட் ஊர்த் தேவாலயத்திலிருந்து டோனரெய்ல் ஊர்த் தேவாலயம் வரை ஏறக்குறைய நாலு மைல் குதிரை விட்டார்களாம். பாதை கிடையாது. தூரத்தில் தெரியும் கோபுரம்தான் குறி. நடுவில் வேலி வந்தால் தாண்ட வேண்டும், வாய்க்கால் வந்தால் தாண்ட வேண்டும், குட்டிச்சுவர் வந்தாலும் அப்படியே. பிற்பாடு பந்தயம் திடலுக்குள் வந்தது. கோபுரம் வெளியே நின்றுவிட்டது, பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

சரி, இதைத் 'தடை ஓட்டம்' என்றால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பார்கள். கெட்டுத்தான் போகிறது. அந்த ஊர்க் குதிரைப் பந்தயத்தில் தாண்டல் என்பதே இரண்டு வகை. ஒன்று ஹர்டில். குறைந்தது மூன்றரை அடி உயரமுள்ள மரச் சட்டத் தட்டிகளை வழியில் நட்டு வைப்பார்கள். குதிரையின் கால் பட்டால் தட்டி வளைந்து கொடுக்கும். இன்னொன்று சேஸ், அதாவது ஸ்டீபிள்சேஸ். இதில் குறைந்தது நாலரை அடிக்கு விறைப்பாகக் கட்டிய வேலிகள், சிலவற்றுக்கு முன்னால் பள்ளம். கால் இடறினால் வேலி விட்டுக்கொடுக்காது, குதிரைதான் விழும். ஹர்டிலில் வேகம் பேசும். சேஸில் தாண்டும் திறமையும் மூச்சும் பேசும். பொதுவாக ஒரு குதிரை முதலில் ஹர்டில் ஓடிப் பழகி, அப்புறம்தான் சேஸுக்குப் போகும். பலவற்றுக்கு அந்த மாற்றம் ஒத்துவருவதே இல்லை.

மல்லின்ஸின் அப்பா பேடி மல்லின்ஸும் குதிரை பழக்கியவர்தான். அவரிடம் டான் ரன் என்ற பெண்குதிரை இருந்தது. இங்கிலாந்தின் செல்ட்னம் திடலில் ஹர்டில் வகைக்குத் தலைமைப் பந்தயம் சாம்பியன் ஹர்டில். சேஸ் வகைக்குத் தலைமைப் பந்தயம் கோல்டு கப். டான் ரன் 1984இல் முதலாவதை வென்றது, 1986இல் இரண்டாவதை வென்றது. இரண்டையும் வென்ற ஒரே குதிரை அதுதான். இப்போது நம் மொழிபெயர்ப்பாளர் கையில் இதைக் கொடுங்கள். "தடை ஓட்டத்திலும் தடை ஓட்டத்திலும் வென்ற ஒரே குதிரை" என்று வரும். அதன் பெருமை முழுவதும் தண்ணீரில் கரைத்த பெருங்காயம் ஆகிவிடும்.

மகன் வில்லியின் கணக்கும் அப்படியே குழம்பும். 2025 வரை சாம்பியன் ஹர்டிலை ஐந்து முறையும் கோல்டு கப்பை நாலு முறையும் வென்றவர் அவர். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, அப்புறம் கிராண்ட் நேஷனலையும் அதே பெயரில் எழுதி "மூன்றாவது முறை" என்றால் எதில் மூன்றாவது? கிராண்ட் நேஷனலில் மூன்று என்றால் அதற்கு ஒரு எடை உண்டு. 2025 வரையிலான நூறு ஆண்டுக் கணக்கில், குதிரை பழக்குகிறவர்களில் ஃபிரெட் ரிமெல்லும் ஜிஞ்சர் மெக்கெய்னும் மட்டுமே நாலு தொட்டவர்கள். ரிமெல் நாலு வேறு குதிரைகளைக் கொண்டு நாலு முறை வென்றார். மெக்கெய்ன் சவுத்போர்ட்டில் கார் விற்றுக்கொண்டே, கடற்கரை மணலில் ரெட் ரம் குதிரையைப் பழக்கியவர். அது 1973, 1974, 1977இல் வென்றது, நடுவே இரண்டு ஆண்டும் இரண்டாவதாக வந்தது. நாலாவது வெற்றி 2004இல் ஆம்பர்லி ஹவுஸ் தந்தது. வின்சென்ட் ஓ'பிரையன் 1953, 1954, 1955 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டு, மூன்று வேறு குதிரைகளை வைத்து வென்றார். 2025இல் மல்லின்ஸ் எட்டிப் பிடித்தது இந்த ஓ'பிரையனை. பந்தயத்தின் பெயர் சரியாக இருந்தால்தானே இந்த வரிசையே கண்ணுக்குத் தெரியும்?

தடகளத்திலும் இதே கோளாறு உண்டு. 110 மீட்டரில் ஓடுகிறவரும் தடை தாண்டுகிறார், 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் ஓடுகிறவரும் தடை தாண்டுகிறார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவினாஷ் சாப்ளே தங்கம் வாங்கியது 3,000 மீட்டரில். அங்கே நிற்கும் கனத்த கட்டைகள் கால் பட்டால் சாயாது. அதன்மேல் கால் வைத்து ஏறியும் போகலாம். 28 முறை கட்டை, ஏழு முறை நீர்க்குழி. 110 மீட்டர்த் தடைகளோ தட்டினால் விழுந்துவிடும். படிப்பவர் இரண்டையும் ஒன்றென்றே நினைத்துக்கொள்கிறார்.

இதற்கு மாற்றாகத் தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'கோபுர விரட்டு' என்று ஒரு சொல்லைச் செய்து எனக்கு அனுப்பினார். வேர்ச்சொல் விளக்கமும் இணைப்பாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் இலக்கணம் சுத்தம். ஆனால் எயின்ட்ரீயில் யாரும் கோபுரத்தை விரட்டவில்லை, கோபுரமும் யாரையும் விரட்டவில்லை. ஆங்கிலேயனுக்கே மறந்துபோன கோபுரத்தை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? சொல்லின் வரலாற்றைச் சொல்லுக்குள்ளேயே அடைத்து அனுப்ப வேண்டும் என்று ஒரு பிடிவாதம் நம்மில் பலருக்கு இருக்கிறது. வரலாற்றை என்னைப் போல யாராவது தனியே எழுதிக்கொள்வார்கள். சொல்லுக்கு வேலை, கேட்டவுடன் அந்தப் பொருளைக் கண்முன் நிறுத்துவது. 'கோபுர விரட்டு' என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது கோயில் கோபுரத்துப் புறாக்களும், அவற்றை விரட்டும் காவலாளியும்தான்.

நல்ல சொற்கள் நம் வயற்காட்டிலேயே கிடக்கின்றன. ஹர்டில் என்பது முதலில் ஓட்டப்பந்தயச் சொல்லே அல்ல. ஆட்டை அடைக்க விளார் முடைந்து நிறுத்தும் தட்டிக்குத்தான் அந்தப் பெயர். அதற்கு நம்மிடம் படல் இருக்கிறது: முள்ளாலோ மூங்கிலாலோ முடைந்து ஆட்டுப்பட்டிக்குச் சாத்துகிற அதே சாமான். ஈழத்தில் வீட்டு வாசல் கதவையே படலை என்கிறார்கள். ஆக ஹர்டில் பந்தயம் படல் பந்தயம். ஸ்டீபிள்சேஸ் வேலிப் பந்தயம். இரண்டும் தாண்டுவதுதான், ஆனால் படலுக்கும் வேலிக்கும் உள்ள வேறுபாட்டை ஆடு மேய்த்த எவருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதலில் 'வேலிதாண்டல்' என்று வைக்கத்தான் நினைத்தேன். அதற்கு ஊரில் என்ன பொருள் என்று வீட்டில் நினைவூட்டினார்கள். கைவிட்டேன்.

நம்மிடம் இதற்குச் சொல் ஊறாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையில் கிண்டிப் பந்தயம் என்று நாம் அறிந்ததெல்லாம் சமதள ஓட்டம். ஜாக்கி, லாயம், புக்கி எல்லாம் தமிழாகிவிட்டன. வேலி தாண்டும் குதிரை மட்டும் கண்ணில் படவில்லை. பார்க்காத பொருளுக்குச் சொல் இல்லாதது குற்றமில்லை. அதை மறைக்கப் பக்கத்தில் கிடந்த சொல்லை எடுத்து ஒட்டுவதுதான் குற்றம்.

'பயிற்சியாளர்' என்ற சொல்லும் அப்படி ஒட்டியதுதான். கிரிக்கெட் அணிக்கும் பயிற்சியாளர், நீச்சல் குளத்திலும் பயிற்சியாளர், மல்லின்ஸும் பயிற்சியாளர். கடைசியாகச் சொன்னவர் யாருக்குப் பயிற்சி தருகிறார் என்று எழுதுவதற்குள் இடம் போதவில்லை போலும். பழைய நிகண்டில் குதிரைப்பாகனுக்கு வாதுவன் என்றொரு சொல் உண்டு. அதை இன்றைக்குக் கொண்டுவந்தால் அதற்கு ஒரு விளக்கம் வேண்டியிருக்கும் என்பதால் நான் கேட்கவில்லை. 'குதிரைப் பயிற்சியாளர்' என்று ஒரு சொல் கூட்டினால் போதும். ஓட்டுகிறவரை ஜாக்கி என்றே எழுதுங்கள். 'வீரர்' என்று எழுதி, பயிற்சியாளரையும் 'வீரர்' ஆக்கி, கடைசியில் வென்றது யார் என்றே தெரியாமல் செய்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு மாமனாரிடம் போய்க் கேட்டேன்: "வேலிப் பந்தயத்தில் மல்லின்ஸ் வெற்றின்னு போட்டிருந்தா புரிஞ்சிருக்குமா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆடு ஏதோ ஜெயிச்சிருக்குன்னு நினைச்சிருப்பேன்" என்றார்.

குதிரை வேலிப் பந்தயம் என்று திருத்திக்கொண்டேன்.