முற்றத்துக்கு அடியில் ஒரு குளம்

"முற்றத்தில் பேவர் பிளாக் பதித்தால் மழைநீர் பக்கத்து வீட்டுக்குள் போகுமே, தண்ணீரை உறிஞ்சும் கல் ஏதாவது உண்டா?" என்று ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மொரீஷியஸில் இது சின்னக் கேள்வி இல்லை. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் இரண்டு மணி நேரத்துக்குள் 152 மில்லிமீட்டர் மழை கொட்டி, வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். மலைச்சரிவில் இறங்கி வரும் நீருக்கு, தாரும் கான்கிரீட்டும் மூடிய நகரத்தில் மண்ணைத் தொட வழியில்லை.

கல் நீரை உறிஞ்ச வேண்டிய அவசியமே இல்லை; சாதாரண கான்கிரீட் கல்லே போதும். கற்களுக்கு நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மணலுக்குப் பதிலாகப் பொடி ஜல்லியை நிரப்புகிறார்கள். மழை அதன் வழியே இறங்கிவிடும்.

சூட்சுமம் அதற்கும் கீழே இருக்கிறது. தூள் போகக் கழுவிய, ஏறக்குறைய ஒரே அளவான ஜல்லியை அங்கே கனமாகப் பரப்புகிறார்கள். ஒரு குடம் நிறைய எலுமிச்சம்பழம் போட்ட பிறகும் அதில் தண்ணீர் ஊற்றலாம். சுமார் 40 சதவீதம் வெற்றிடம் கிடக்கும். பழத்துக்குப் பதில் சுண்டைக்காயை நிரப்பினாலும் அதே 40 சதவீதம்தான்! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. உருண்டை சிறுத்தால் இடுக்கும் சிறுக்கிறது. இடுக்குகளின் எண்ணிக்கை பெருகி அதை ஈடுகட்டிவிடுகிறது. இரண்டையும் கலந்தால்தான் கணக்குக் கெடும்: சிறியது பெரியதன் இடுக்கில் புகுந்துகொள்ளும். தார்ச்சாலைக்கு அடியில் இறுக்கம் வேண்டி அப்படிக் கலக்கிறார்கள். இங்கே கலக்கவே கூடாது.

152-ஐ 0.4-ஆல் வகுத்துப் பாருங்கள்: 380 மில்லிமீட்டர். முழங்கால் ஆழம்கூட இல்லாத ஜல்லிப் படுகை, அன்று தன்மேல் விழுந்த மழை முழுவதையும் வாங்கிவைத்து மெல்ல மண்ணுக்குள் விட்டிருக்கும். கூரைநீரும் அங்கே விழுந்தால் ஆழத்தைக் கூட்ட வேண்டும். களிமண் தரையென்றால் அடியில் துளையிட்ட குழாயும் வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் தெய்வக் குற்றம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. தைப்பூசக் காவடிக்கு நாம் கூடும் கோவில் வளாகங்களிலேயே எத்தனை கான்கிரீட் தரை! அதைப் பெயர்த்து இப்படி மாற்ற நன்கொடை திரட்டினால் முதல் ஆளாகத் தருவேன்.

வாசகிக்கு ஒன்று: கொத்தனார் பழக்கத்தில் மணலைக் கொட்டி இடைவெளியை நிரப்பப் பார்ப்பார், விடாதீர்கள். சில ஆண்டுகளில் தூசியும் சருகும் மேல் இரண்டு சென்டிமீட்டரில் அடைத்துக்கொள்ளும். அதை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பொடி ஜல்லி போட்டால், தண்ணீர் மறுபடி இறங்கத் தொடங்கும்.