பிஸ்கட் டின்னில் இருந்த ரசீதுகள்

மொரிஷியஸில் ஃபிளாக் பக்கத்தில் பப்பாளி வைத்திருக்கும் ஒருவர், பூச்சிமருந்துக் கடை ரசீதுகளைப் பழைய பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். ஒரே பருவத்தில் எட்டு முறை அடித்திருக்கிறார். மாவுப்பூச்சி மட்டும் அசையவில்லை.

அசையாது. அதன் உடம்பை மூடியிருக்கும் மெழுகுப் பூச்சில் மருந்து சரியாக ஒட்டுவதில்லை. அதைத் தேடி வந்து அதன் உடலுக்குள்ளேயே முட்டையிடும் குளவிக்கோ அப்படி ஒரு கவசம் கிடையாது. கடுகைவிடச் சிறிய உயிர். முதலில் சாவது அதுதான். ஆக, காசு கொடுத்துத் தன் கூலியில்லா ஆளைக் கொன்றுகொண்டிருந்தார் அவர்.

மருந்தை நிறுத்தச் சொன்னேன். எறும்பைத் தடுக்கத் தண்டைச் சுற்றிப் பசைப் பட்டை கட்டச் சொன்னேன். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு காவலுக்கு நிற்கும், குளவியை அண்டவிடாது. பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

தமிழ்நாட்டில் ஈரோடு, சேலம் மரவள்ளியையும் பப்பாளியையும் இதே வகைப் பூச்சி அழித்தபோது, 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து வயலில் விட்டார்கள். செலவு ஒரு முறை; அதன்பின் அது தானே பெருகிக்கொள்கிறது. கடுங்குளிர் இல்லாத நம் தீவில் பூச்சி ஆண்டு முழுவதும் பெருகும் என்று கவலைப்படுகிறோம், குளவியும் அப்படித்தான் பெருகும். கரும்புக்கு இன்னும் வசதி. ஒரு முறை நட்டால், வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்த்துப் பல ஆண்டு கட்டைக்கரும்பாக நிற்பதால், நன்மை செய்யும் பூச்சிகளுக்குக் குடியிருப்பு கலைவதில்லை. இங்கே கரும்பின் வேர்ப்புழுவை அடக்க பார்படோஸிலிருந்து குளவி கொண்டுவந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது.

எதையும் கொண்டுவந்து விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. 1762இல் வெட்டுக்கிளியைத் தின்ன இந்தியாவிலிருந்து மைனாவை இங்கே இறக்கினார்கள். இன்று அதே மைனா நம் பழத்தைக் கொத்துகிறது. கண்டதையும் தின்னும் பறவை வேறு, ஒரே பூச்சியைத் தவிர வேறெதையும் தொடாத குளவி வேறு. அதைச் சோதித்துப் பார்ப்பதற்குத்தான் பணமும் காலமும் பிடிக்கிறது, அதை அரசுதான் ஏற்க வேண்டும். கடைக்காரர் ஏற்கமாட்டார், மறுமுறை விற்க முடியாத சரக்கு அவருக்கு எதற்கு?

இரண்டு மாதம் கழித்துப் போனபோது, குளவிப் புழு உள்ளே தின்று வெறும் கூடாகிப்போன மாவுப்பூச்சிகளை இலையைத் திருப்பிக் காட்டினார். மகிழ்ச்சிதான், ஆனால் ஒரு குறை.

“ஐயா, எறும்புக்குப் பசை வாங்கியது நான். குளவி வேலி தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்கும் போகிறதே, அவர் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லையே?”