கண்டென்ஸர் மைக் காகத்தையும் சேர்த்து இழுக்குமா?

கொழும்பில் வீட்டிலேயே பாட்டோ பொட்காஸ்டோ பதிவுசெய்ய நினைப்பவர் யாரிடம் போய்க் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும்: "கண்டென்ஸர் வாங்காதீங்க, காகம் கரையிறது, பஸ் ஹோர்ன், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாத்தையும் இழுத்துப்போடும், டைனமிக்தான் நல்லம்." கண்டென்ஸரும் டைனமிக்கும் மைக்கின் இரண்டு வகைகள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கரையோர ரயில் பாதைக்கும் இடையில் ஒரு மாடி அறையில் இருப்பவருக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி எங்கே பிழைக்கிறது என்று தெரிந்துகொண்டால், 100 முதல் 300 டொலர் வரையிலான நடுத்தர விலை மைக்குகளில் எது உங்களுக்குச் சரி என்பதை நீங்களே முடிவுசெய்யலாம்.

டைனமிக் மைக்கில் ஒரு மென்தகடு, அதன் பின்னால் ஒட்டிய மெல்லிய கம்பிச் சுருள், சுருளைச் சுற்றி ஒரு காந்தம். குரல் தகட்டை அசைக்கும், சுருள் காந்தப்புலத்துக்குள் முன்பின்னாக ஓடும், மின்சாரம் பிறக்கும். அவ்வளவுதான். 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றைக்கும் அதே முறையில்தான் வேலைசெய்கிறது.

கண்டென்ஸர் வேறு சாதி. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு தடிப்பே உள்ள பிளாஸ்ரிக் படலம், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தங்கப் பூச்சு, அதற்குப் பின்னால் தலைமயிர் ஒன்றின் தடிப்பைவிடக் குறைந்த இடைவெளியில் ஓர் உலோகத் தட்டு. இரண்டும் சேர்ந்தால் ஒரு கொள்ளளவி. படலம் அசைய இடைவெளி மாறும், அந்த மாற்றமே சிக்னல். 1916இல் அமெரிக்காவில் வெண்டே என்ற பொறியியலாளர் செய்த இந்த வடிவத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும்; இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) 48 வோல்ட் என்று எழுதியிருக்கும் பொத்தான் அதற்குத்தான். படலத்தில் சுருளின் பாரம் இல்லாததால் உயர் மீடிறன் ஒலிகளுக்கும் அது சட்டென்று அசையும். மிருதங்கத்தின் வலந்தலை, வீணைத் தந்தி, தாளத்தின் கிணுகிணுப்பு எல்லாம் கண்டென்ஸரில் துலக்கமாக விழுவது இதனால்தான்.

இப்போது காகத்துக்கு வருவோம். உணர்திறன் கூடிய மைக், காகத்தைப் பெரிதாக்கும் அதே அளவுக்கு உங்கள் குரலையும் பெரிதாக்குகிறது. கெய்னை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, குறைத்துக் குரலை வேண்டிய அளவுக்குக் கொண்டுவாருங்கள், காகமும் அதே அளவு இறங்கிவிடும். ஒரே தூரத்தில், ஒரே திசைத்தன்மையோடு (எந்தப் பக்கத்துச் சத்தத்தை எவ்வளவு எடுக்கும் என்பது) ஒரு டைனமிக்கையும் ஒரு கண்டென்ஸரையும் வைத்துக் குரலைச் சமப்படுத்தினால் பின்னணி இரைச்சலும் கிட்டத்தட்டச் சமமாகவே வரும். டைனமிக்கில் உயர் மீடிறன்கள் கொஞ்சம் மழுங்குவதால் காகத்தின் கூர்மையும் டைல்ஸ் தரையின் கணகணப்பும் சற்று அடங்கிக் கேட்கும், உண்மை அந்த அளவில்தான். பிறகு ஏன் எல்லோரும் அப்படிச் சொல்கிறார்கள்? டைனமிக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துப் பாடுகிறோம், கண்டென்ஸரை ஓர் அடி தள்ளி வைக்கிறோம். வித்தியாசம் தூரத்தில் இருக்கிறது, பெயரோ மைக்குக்குப் போய்விட்டது.

தூரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தள்ளிச் சுமார் 60 டெசிபெல் (சத்தத்தின் அளவைச் சொல்லும் அலகு). தூரத்தைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் கூடும். 50 சென்டிமீட்டரில் 66, 25இல் 72, ஒரு சாணுக்கும் குறைவான 12 சென்டிமீட்டரில் 78. அறை முழுக்கப் பரவி நிற்கும் ஃபேன் சத்தமும் வீதி இரைச்சலும் சேர்ந்து 45 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம், அது மைக் எங்கே நின்றாலும் 45தான். ஆக ஒரு மீட்டரில் குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையில் 15 டெசிபெலாக இருந்த வித்தியாசம், ஒரு ரூபாய் செலவில்லாமல் 33 ஆகிறது. எந்த விலை மைக்கும் இதைச் செய்துதராது. கிட்டப் போகும்போது தாழ்ந்த மீடிறன்கள் தடித்துக் கேட்கும் (வானொலி அறிவிப்பாளர் குரலில் உள்ள அந்தக் கனத்தில் ஒரு பங்கு இதுதான்), "ப" வரும் இடங்களில் காற்று அடிக்கும், அதற்கு மைக்குக்கு முன்னால் வைக்கும் வலைத்திரையான ஒரு பொப் ஃபில்டர் போதும்.

அடுத்தது திசை. வீட்டுப் பதிவுக்குக் கிடைக்கும் பெரும்பாலான மைக்குகள் கார்டியொயிட் வகை: முன்னால் முழுதாகக் கேட்கும், பக்கவாட்டில் 6 டெசிபெல் குறையும், நேர் பின்னால் கிட்டத்தட்டச் செவிடு. இதைப் படித்தவுடன் எல்லோரும் மைக்கின் முதுகை யன்னலுக்குக் காட்டுவார்கள், அது சரிதான், ஆனால் அப்படி வைத்தால் மைக்கின் முகம் பார்ப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் உள்ள சீமெந்துச் சுவரையும். யன்னல் சத்தம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி நேராக மைக்கின் வாய்க்குள் வரும், உங்கள் குரலின் எதிரொலியும் கூடவே வரும். அதனால் மெத்தை இருந்தால் மைக்குக்குப் பின்னால் வைக்காமல் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வையுங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதற்கு முதுகைக் காட்டி நின்றாலும் நல்ல பலன் உண்டு. முட்டைத் தட்டை ஒட்டுவதில் பிரயோசனம் இல்லை. 1000 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 34 சென்டிமீட்டர், 100 ஹேர்ட்ஸுக்கு மூன்றரை மீட்டர் அளவு வரும், அந்த மெல்லிய அட்டை இவற்றுக்கு ஒரு தடையே இல்லை. ரயிலின் அதிர்வுக்கும் பஸ்ஸின் உறுமலுக்கும் 80 ஹேர்ட்ஸில் லோ கட் ஃபில்டரை (அதற்குக் கீழான மீடிறன்களைக் குறைப்பது) போட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் விவரப் பட்டியலுக்கு அர்த்தம் வருகிறது. ஓடியோ டெக்னிக்கா ஏடி2020 என்ற கண்டென்ஸரின் சொந்த இரைச்சல் (மைக்கின் மின்சுற்றே எழுப்பும் சத்தம்) 20 டெசிபெல், ரோட் என்டி1இல் 5ஐயும் தொடாது. இரவில் மூடிய அறையே 35, 40 என்று இரையும் இடத்தில் இந்த 15 டெசிபெல் வித்தியாசம் காதுக்கு எட்டவே எட்டாது. அதற்காக மட்டும் கூடச் சல்லி கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. டைனமிக் பக்கம் போகிறவர்கள் பார்க்க வேண்டியது வேறு: ஷூர் எஸ்எம்7பி போன்றவை தரும் சிக்னல் மிகச் சின்னது, 60 டெசிபெல் அளவு சுத்தமான கெய்ன் தேவை. உங்கள் இன்டர்ஃபேஸ் அதைத் தராவிட்டால் காகம் போய் "உஸ்" என்ற இரைச்சல் வரும்.

கொழும்புக்கென்று ஒரு கவனமும் உண்டு, ஈரப்பதன். கண்டென்ஸரின் மின்னேற்றம் கசியாமல் நிற்க உள்ளே தடை மிக மிக அதிகமாக இருக்க வேண்டும். கடற்காற்றின் ஈரமும் தூசும் அங்கே படிந்தால் ஏற்றம் கசிந்து, பொரிகிற மாதிரி வெடிப்புச் சத்தம் கேட்கும். ஸ்டாண்டிலேயே விட்டுவைக்காமல், சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக மூடும் பெட்டிக்குள் வையுங்கள்.

அப்புறம் கம்ப்ரெஸர். மைக் வாங்கிய கையோடு அடுத்த சல்லியை இதில் போடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். அது செய்வது இதுதான்: குரல் ஓர் எல்லையைத் தாண்டும்போது தானாகக் கெய்னைக் குறைக்கும். விகிதம் 4:1 என்றால், எல்லைக்கு மேல் 8 டெசிபெல் ஏறிய குரல் 2 டெசிபெல்தான் ஏறி வெளியே வரும். எல்ஏ2ஏ என்ற பழைய கம்ப்ரெஸர் கருவிக்குள் இதற்காக ஒரு சின்ன ஒளித்தகடு இருக்கிறது. குரல் ஏற ஏற அது பிரகாசிக்கும், எதிரே இருக்கும் ஒளியுணர் தடை இறங்கும், சிக்னல் அடங்கும். வெளிச்சம் போன பிறகும் அந்தத் தடை மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும், அந்த மெதுவில்தான் அதன் இனிமையே. 1967இல் வந்த 1176 என்ற இன்னொரு கம்ப்ரெஸர் ட்ரான்ஸிஸ்டரால் இதைச் செய்வதால் ஒரு விநாடியின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குக்குள் பிடித்துவிடும்.

ஆனால் உச்சத்தை 6 டெசிபெல் குறைத்துவிட்டு, இழந்த சத்தத்தை மீட்க மொத்தத்தையும் 6 உயர்த்துவோம் அல்லவா, அப்போது வரிகளுக்கு இடையில் கிடந்த ஃபேனும் காகமும் 6 டெசிபெல் எழும்பிவிடும். கிட்டப் போய்ச் சம்பாதித்த 33இல் 6 போய் 27. ஒரு மீட்டர் தள்ளி நின்று பதிந்தவருக்கு 15இல் மிஞ்சுவது 9தான், கம்ப்ரெஸர் எவ்வளவு விலையானாலும்.

அதனால் நடுத்தர விலையில் தனிக் கம்ப்ரெஸர் கருவி வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. மென்பொருளில் 24 பிட் என்ற பதிவுத் தரத்தில், உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் (0தான் மேல் எல்லை) நிற்கும்படி பதிந்தால் இடம் தாராளம், உள்ளே போகும்போதே அடக்கவேண்டிய அவசியமில்லை. பதிவு மென்பொருளோடு வரும் கம்ப்ரெஸரில் 3:1, அட்டாக் (அடக்க எடுக்கும் நேரம்) 10 மில்லிவிநாடி, ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) 100 என்று வைத்து, குறைப்பு 4, 5 டெசிபெலைத் தாண்டாமல் எல்லையை இறக்கிப் பாருங்கள். பாடும்போது மூச்சு இழுக்கும் சத்தம் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டால் எல்லையைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள்.